நாற்காலியை இரண்டு கையால் தூக்குகிறவர்கள்

பாகூர்
12-6-1983

மதிப்பிற்குரிய திரு. தெய்வநாயகம் அவர்களுக்கு,

வணக்கம். கையெழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று தாங்கள் தெரிந்துகொண்டிருக்கலாம். தெரியவில்லை என்றாலும் குறையில்லை. நமக்குள் கடிதப் போக்குவரத்து நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. எழுதலாமா கூடாதா என்று யோசித்துச் சித்திரை முழுவதும் போயிற்று. என் மனைவி கோகிலாம்பாள், "எழுதுறதுன்னா எழுதுங்க, இல்லன்னா பேனாவ மூடி வைங்க, மை காயுது" என்றாள். எழுதுகிறேன்.

கூட்டுறவுச் சங்கத்தின் உரக் கொட்டகையில் என் ஞாயிறு வட்டம் இன்னும் நடக்கிறது. உர நெடியும் அப்படியே இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வரும் பையன்களுக்கு விண்ணப்பம் எழுதவும், இன்டர்வியூவில் அச்சமில்லாமல் பேசவும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் நீதிமன்றத்தில் வெறும் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஊரில் இதைச் செய்ய வேறு ஆள் இருந்தால் விலகிக்கொள்வேன். யாரும் வரவில்லை.

திருபுவனையில் ஆதிமூலம் நூற்பாலை தொடங்கியதும், தாங்கள் அங்கே பர்சனல் ஆபீசர் என்று அறிந்து மகிழ்ந்தேன். வட்டத்தின் முதல் மாணவர் அல்லவா? ஆனால் இங்கிருந்து வந்த பையன்களில் ஒருவரைக்கூடத் தாங்கள் எடுக்கவில்லை. முதல் கேள்வியோடு திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். சோரியாங்குப்பம் செல்லக்கண்ணுவின் மகன் குழந்தைவேலு தங்களிடம் இரண்டு தடவை வந்தான். தகப்பனாருக்குப் பக்கவாதம், கரும்பு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள், வீட்டில் சம்பாதிக்க வேண்டியவன் அவன் ஒருவன். "உள்ள போனேன் சார், உக்காந்தேன், வாயத் தொறந்தேன், 'போப்பா, ஆள் எடுத்தாச்சு'ன்னுட்டாரு. எனக்குப் பின்னால போனவன எடுத்தாரு" என்றான்.

பிழை என் பயிற்சியில் இருக்குமோ என்று ஐயமாக இருக்கிறது. எதுவானாலும் தயங்காமல் எழுதினால் திருத்திக்கொள்வேன்.

தங்கள்,
சேதுராமன்

*

ஒதியம்பட்டு
20-6-1983

ஐயா,

கடிதம் கிடைத்தது. "மதிப்பிற்குரிய", "தாங்கள்" எல்லாம் பார்த்து ஆபீசில் என் கிளார்க்கு, யாரோ மந்திரி எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிட்டான். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மா கையால் சோறு தின்றவன் நான். அப்போது "டேய்" என்றுதான் கூப்பிடுவீர்கள்.

பிழை எங்கே என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். உங்கள் பையன்கள் எந்த ஊர் என்று நான் கேட்பதே இல்லை. கேட்க வேண்டியதில்லை. உள்ளே வருகிறான், நாற்காலியை இழுக்காமல் இரண்டு கையாலும் தூக்கி, சத்தம் வராமல் வைக்கிறான். உட்கார்ந்து உள்ளங்கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொள்கிறான். "உன் பேர் இன்னாப்பா?" என்று கேட்டால்கூட, "தாங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது சரியென்றால்" என்று ஆரம்பிக்கிறான். தெரியாததைக் கேட்டால் "தெரியாது" என்று சொல்ல மாட்டான். "அதை நான் இன்னும் கற்கவில்லை" என்பான். அப்புறம் இது பாகூர்ச் சரக்கு என்று நெற்றியில் எழுதி ஒட்ட வேண்டுமா? அந்த நாற்காலி தரையை விட்டு எழும்பும்போதே என் பேனா அவன் பேரை அடித்துவிடும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? உங்களிடம் முதலில் கற்றவன் நான்தானே.

காரணமும் உங்களுக்குத் தெரியும். 1970இல் சர்க்கார் ஆபீசில் எழுத்தர் வேலை எனக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. பத்தாண்டு தெரிந்த பெரியவர் ஒருவரிடம் நடத்தைச் சான்று வாங்கி வா என்றார்கள். உங்களிடம் வந்தேன். உறையை ஒட்டிக் கொடுத்தீர்கள். ஒட்டிய உறையை நான் பிரிக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான். உள்ளே எழுதியிருந்ததை அந்த அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். "நேர்மையானவன், உழைப்பாளி. ஆனால் தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை மறக்க மாட்டான்." படித்துவிட்டுச் சிரித்தார். "உன் குருநாதரே சொல்றாரேப்பா" என்றார். அந்த வேலை வேறொருவனுக்குப் போயிற்று. நான் வில்லியனூர் கடைத்தெருவில் புண்ணாக்கு எடை போட்டேன். பேசி முடித்திருந்த பெண்ணையும் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் எழுதியது உண்மை, ஐயா. நான் மறக்கவில்லை.

தெய்வநாயகம்

*

பாகூர்
2-7-1983

திரு. தெய்வநாயகம் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைக் கோகிலாம்பாளுக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. படித்துவிட்டேன். பாதியில் எழுந்து போனாள். திரும்பி வந்து, "முள்ளு எடுத்து மீன் போட்டேன் அவனுக்கு. தொண்டையில சிக்கிக்கும்னு முள்ளு எடுத்துப் போட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப நீங்க இன்னா பண்ணப் போறீங்க? உக்காந்து இன்னொரு லெட்டர் எழுதப் போறீங்க, அதானே?" என்றாள்.

ஆம், எழுதுகிறேன். வேறு எதுவும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நீதிமன்றத்தில் நீதிபதி பிரெஞ்சில் கேட்பார். எதிரே பாகூர்க் குடியானவன் ஒருவன் நிற்பான். நான் தவறாகக் கேட்டுத் தவறாகச் சொன்னால், அவன் செய்யாததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே மொழிபெயர்ப்பேன். பெரிய மனிதர்கள் முன்னால் நடுங்குகிற பையன்களுக்கு அது ஒரு கைப்பிடியாக இருக்கும் என்று நினைத்தேன். பதில் யோசிக்க ஒரு மூச்சு நேரம் கிடைக்குமே என்றுதான் கற்றுக்கொடுத்தேன்.

சான்று விஷயம். என்னிடம் கேட்கப்பட்டது உண்மை, உண்மையை எழுதினேன். இப்போதும் அதையே எழுதியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியிருப்பேன் என்றே தோன்றுகிறது. இதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பகை என்மேல். அதை என்மேல் காட்டுங்கள். குழந்தைவேலு தங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவன் தகப்பனாருக்கு மருந்து வாங்க ஆட்டை விற்றுவிட்டார்கள்.

சேதுராமன்

*

திருபுவனை
9-7-1983

ஐயா,

உங்கள்மேல் எப்படிக் காட்டுவது? உங்களுக்கு என்ன இருக்கிறது, பென்ஷனும் அந்த உரக் கொட்டகையும்தானே? அந்தப் பையன்கள்தான் உங்கள் சொத்து. எங்கே தொட்டால் வலிக்குமோ அங்கேதான் தொடுகிறேன்.

முதலாளியிடம் போய்ச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போங்கள். ஆள் எடுக்கும் பொறுப்பை ஆதிமூலம் முதலாளி முழுக்க என்னிடம் விட்டிருக்கிறார். தலையிடவே மாட்டார். பாகூர்க் கிழவர் ஒருவர் சொன்னார் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பாரா? அதோடு நீங்கள் போகமாட்டீர்கள். மில் கேட்டு வாசலில் கூர்க்கா "யார் நீங்க?" என்று கேட்டாலே திரும்பி நடந்துவிடுவீர்கள். எனக்குத் தெரியாதா?

தை மாதத்தில் புது ஷிஃப்டுக்கு நிறையப் பேரை எடுக்கப் போகிறோம். எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். நாற்காலிகளுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

தெய்வநாயகம்

*

ஒதியம்பட்டு
11-2-1984

ஐயா,

ஏழு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வாயடைத்துப் போய்விட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது நான் எழுதுகிறேன். எனக்கு வேலை போய்விட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் ஏற்கெனவே அறிந்ததுதானா என்று சொல்லுங்கள்.

தை மாத இன்டர்வியூவில் பாகூர்ப் பக்கத்துப் பையன்கள் வந்தார்கள். எனக்கே ஆச்சரியம். ஒருவன் நாற்காலியைத் தரையோடு தேய்த்து இழுத்தான், காது கூசியது. ஒருவன் கால்மேல் கால் போட்டான். சோரியாங்குப்பம் குழந்தைவேலு வந்தான். "ரிங் பிரேம் மெஷின் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "தெரியாது சார், காட்டினா செய்வேன்" என்றான். கிழவரை விட்டு ஓடிவந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டு எடுத்தேன். கூட வந்தவர்களையும் எடுத்தேன்.

கடைசியில் ஒருவன் வந்தான். மெலிந்த பையன், இஸ்திரி போட்ட சட்டை, பேர் சுப்புராயன், ஊர் வில்லியனூர் என்று விண்ணப்பத்தில் இருந்தது. நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினான், பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி. உட்கார்ந்தான். கை முழங்காலுக்குப் போயிற்று. "தாங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது சரியென்றால்" என்றான். எனக்குத் தாங்கவில்லை. "பாகூர்க் கிழவன் சரக்கா? இந்த மில்லுல ஆளுங்க வேணும், கிளி வேணாம். எழுந்து போடா" என்றேன். கிளார்க்குச் சிரித்தான். பையன் எழுந்து, நாற்காலியை மறுபடியும் தூக்கி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

அவன் முதலாளியின் தங்கை மகன். காரைக்காலில் அப்பா வீட்டில் வளர்ந்து இப்போதுதான் வில்லியனூருக்கு வந்தவன், நான் பார்த்ததே இல்லை. யார் பிள்ளை என்று சொல்லாமல் எல்லாரையும்போல வரிசையில் நின்று வா என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். மறுநாள் அவன் அம்மா வள்ளியம்மை ஆபீசுக்கு வந்தாள். "கிளியாடா எம்புள்ள?" என்று ஷிஃப்டு மாறுகிற நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். கிளார்க்கைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் நாற்காலி விஷயம் முழுவதையும் கக்கிவிட்டான். முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மில்லுக்கு ஆள் எடுக்கச் சொன்னா, நீ உன் பகைக்கு ஆள் கழிச்சுக்கிட்டு இருந்தியா?"

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அவன் யார் என்று தெரிந்தா அனுப்பினீர்கள்?

தெய்வநாயகம்

*

பாகூர்
19-2-1984

திரு. தெய்வநாயகம் அவர்களுக்கு,

தெரியும்.

விளக்கமாகவே எழுதுகிறேன். ஒழுங்காக எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தங்கள் ஆனிக் கடிதத்திற்குப் பிறகு பல நாள் வட்டத்திற்கே போகவில்லை. கேட்டு வாசலில் திரும்பி நடந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அது சரி. நான் கோழை. ஆனால் கோழைக்கும் கோபம் வரும். வந்தால் அவன் கத்தமாட்டான், உட்கார்ந்து திட்டமிடுவான். தாங்கள் எந்தெந்த அடையாளத்தைப் பார்த்துக் கழிக்கிறீர்கள் என்பதைத் தாங்களே எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கேலி செய்கிற அவசரத்தில் அது தெரியவில்லை.

முதலில் பையன்களுக்கு நான் கற்பித்ததை மறக்கப் பழக்கினேன். உரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் நாற்காலியை இழுத்துச் சத்தம் போடப் பயிற்சி. பக்கத்து வீட்டு ராமாயி வந்து, "ஐயரு கொட்டாயில இன்னாத்த அறுக்கறாங்க?" என்று கேட்டாள். நான் ஐயரில்லை, இத்தனை வருடமாகத் திருத்தியும் அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். குழந்தைவேலு, "கத்துக்கறது சுலுவா இருந்துச்சு சார், மறக்கறதுதான் கஷ்டமா கீது. கை தானா தூக்குது" என்றான். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி நிற்க வைத்து, காலால் நாற்காலியைத் தள்ளப் பழக்கினேன். அப்போது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்தக் கொட்டகையில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் இருந்ததில்லை.

ஐப்பசியில் சுப்புராயன் வந்தான். வில்லியனூரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் வருவான். தன் தாய்மாமன் யார் என்று முதல் நாளே என்னிடம் சொல்லி, "வெளியே சொல்லாதீங்க ஐயா, மாமா கோவிச்சுப்பாங்க" என்றான். அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலாளிக்குப் பாகூர்ப் பையன்கள் யாரோ. தங்கை மகன் யாரோ அல்ல.

அவனுக்கு மட்டும் பழைய பாடம் முழுவதையும் கற்றுக்கொடுத்தேன். மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைக்கவில்லை. அவர்கள் போன பிறகு தனியாக. நாற்காலி, முழங்கால், திருப்பிச் சொல்வது, "இன்னும் கற்கவில்லை" என்பது. எல்லாருக்கும் இத்தனை ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்ததைத்தான் கற்றுக்கொடுத்தேன். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்ல முடிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்கிறேன்.

தாங்கள் எடுத்த பாகூர்ப் பையன்கள் எல்லாருமே என் பையன்கள். குழந்தைவேலு முதல் சம்பளத்தில் தகப்பனாருக்குச் சாய்வு நாற்காலி வாங்கியிருக்கிறான். தாங்கள் கையெழுத்திட்ட நியமனம். நன்றி.

மகிழ்ச்சியாக இருக்கிறேனா என்று கேட்டால், தங்கள் கடிதத்தைப் படித்த அன்று இருந்தேன். வள்ளியம்மை அம்மாள் பேசிய இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். ஆனால் பையன் எழுந்து நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்தான் என்ற இடம் வந்தபோது தாளை மடித்துவிட்டேன். கோகிலாம்பாள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசினாள் என்றால் ஒன்றுதான்: "அந்தப் புள்ள இன்னா பண்ணுச்சு உங்களுக்கு?"

இதே கேள்வியைத்தான் குழந்தைவேலுவைப் பற்றி நான் தங்களிடம் கேட்டேன்.

சேதுராமன்

*

ஒதியம்பட்டு
4-3-1984

ஐயா,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். முடியவில்லை. இப்படி ஒரு கடிதம் எழுத உங்களுக்குத் தைரியம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என்னை நீங்கள் சரியாக அறிந்திருந்தீர்கள். நான்தான் உங்களைப் பாதிதான் அறிந்திருந்தேன்.

உங்களுக்குத் தெரியாதது இரண்டு இருக்கிறது. கேளுங்கள்.

முதலாளி சுப்புராயனை மறுபடியும் கூப்பிட்டு, தானே உட்கார்ந்து இன்டர்வியூ எடுத்தார். அன்றைக்குச் சாவிகளை ஒப்படைக்க நான் போயிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவனுக்கு எல்லாரும் சொல்லியிருப்பார்கள், அந்தப் பழக்கத்தால்தான் அடிபட்டாய் என்று. அவன் என்ன செய்தான் தெரியுமா? நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினான். முழங்கால்மேல் கை. "தாங்கள் கேட்டதை" என்று ஆரம்பித்தான். முதலாளியே சிரித்துவிட்டார். "டேய், மாமாகிட்ட இன்னாடா தாங்கள்? அந்தக் கிழவனார் விளையாட்ட விட்டுட்டு ஒழுங்கா பேசு" என்றார். "இது விளையாட்டு இல்ல மாமா. எங்க ஐயா சொல்லிக் குடுத்தது. இதுதான் ஒழுங்கு" என்றான். வேலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். நீங்கள் அவனை வெடிமருந்தாக வைத்தீர்கள். அவன் உங்களை நம்பிவிட்டான்.

இரண்டாவது. அவனுக்குப் பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளி முன்னால் நான் நின்றேன். "உக்காருய்யா, கணக்க முடிச்சுக்கலாம்" என்றார். நாற்காலி கொஞ்சம் தள்ளி இருந்தது. என் இரண்டு கையும் அதைத் தூக்கின, ஐயா. வைத்த பிறகுதான் பார்த்தேன். சத்தமே வரவில்லை. அவரும் பார்த்தார்.

அதற்குத்தான் உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

இப்போது விஷயம். கடலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் ஆள் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீஸ் வேலை ஒன்று இருக்கிறது. நடத்தைச் சான்று கேட்கிறார்கள். நூற்பாலையில் யார் கொடுப்பார்கள்? என்னைப் பையனாக இருந்த காலம் முதல் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கெஞ்சவில்லை. என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள். இந்தத் தடவை உறையை ஒட்டாமல் அனுப்புங்கள்.

ஒன்றுக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். என்மேல் இருந்த கோபம் தீர்ந்ததா?

தெய்வநாயகம்

*

பாகூர்
18-3-1984

தெய்வநாயகம்,

சான்று இத்துடன் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை, தபாலில் விழுந்துவிடாமல் நூல் சுற்றியிருக்கிறேன்.

படித்துவிடு. "நேர்மையானவர், உழைப்பாளி. தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை மறக்க மாட்டார்" என்ற வரி அப்படியேதான் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று ஒரு வாரம் பார்த்தேன். எடுத்தால் நான் எழுதியதாக இருக்காது. அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இக்குணம் எனக்கும் உண்டு, ஆகையால் இவரைப் பற்றி நான் சொல்வதை இதை மனத்தில் வைத்துக்கொண்டு மதிப்பிடுக." சர்க்கரை ஆலைக்காரர்கள் இதை வைத்து என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. நீ இதைக் கொடுப்பாயா, கிழிப்பாயா என்பதும் தெரியவில்லை. கிழித்தால் நீ பிழைக்க வழி ஒன்று குறையும், கொடுத்தாலும் குறையலாம். அதை அறிந்துதான் எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுப்புராயன் வந்தான். வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். எல்லாரோடும் உட்கார்ந்தான். குழந்தைவேலு ஷிஃப்டு முடிந்து நேரே அங்கே வந்திருந்தான். தலை முழுக்கப் பஞ்சு. அவன் உளறிவிட்டான், நாற்காலி இழுத்துப் பழகின கதையைச் சொல்லிச் சிரித்தான். சுப்புராயன் சிரிக்கவில்லை. எல்லாரும் போகும்வரை காத்திருந்தான். பிறகு கேட்டான்: "அவங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி, எனக்கு மட்டும் ஏன் ஐயா வேற மாதிரி சொல்லிக் குடுத்தீங்க?"

சொன்னேன். உன் கடிதங்களையும் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். முடித்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தான். கொட்டகையிலிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தான். கடைசி ஒன்றை மட்டும் தரையோடு இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்று ஞாயிறு. வரவில்லை. நான் வாசலில் நின்றது ராமாயிக்குத் தெரியும்.

கோகிலாம்பாள் பேசத் தொடங்கிவிட்டாள். உன் சான்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நல்லாத்தான் செஞ்சு வெச்சிருக்கீங்க" என்றாள்.

நீ ஒன்றுக்கு நேராகப் பதில் கேட்டாய். எனக்கு நேராகப் பதில் சொல்ல வராது. நீ கேட்டதை நான் புரிந்துகொண்டது சரியென்றால், உன்மேல் எனக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறாய்.

அதை நான் இன்னும் கற்கவில்லை.

சேதுராமன்